900 கலோரிதான் சாப்பிடுகிறேன், ஆனாலும் எடை இறங்கவில்லையே, ஏன்?

வயது, உயரம் எதுவும் நீங்கள் சொல்லவில்லை. 32 வயதுப் பெண், 160 செ.மீ., 72 கிலோ, உட்கார்ந்து பார்க்கும் வேலை என்று வைத்துக்கொள்கிறேன். ஆணாக இருந்தாலும் வழி இதுதான், எண்கள்தான் மாறும்.

உடம்பின் கலோரிச் செலவைக் கணக்கிடும் மிஃப்லின் செயின்ட் ஜியோர் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். எடையை 10-ஆலும் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதை 5-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். பெண் என்றால் மேலும் 161 கழிக்கணும், ஆண் என்றால் 5 கூட்டணும். உங்களுக்கு வருவது 1399. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உடம்புக்கு ஆகும் செலவு அது. அதை உட்கார்ந்த வேலைக்கான 1.4-ஆல் பெருக்கினால் நாள் செலவு சுமார் 1960. எடை குறைய இதில் 450 குறைத்து 1500 பக்கம் நின்றால் போதும். நீங்கள் படுத்திருக்கும் செலவுக்கே 500 கீழே போயிருக்கிறீர்கள்.

"குறைவாகச் சாப்பிட்டால் உடம்பு கொழுப்பைக் கரைப்பதையே நிறுத்திவிடும்" என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது சரியில்லை. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களுக்கு 24 வாரம் ஏறக்குறைய பாதிச் சாப்பாடுதான் கொடுத்தார். எடையில் கால்வாசி போய்விட்டது. கூடவே தசை கரைந்தது, குளிர் தாங்கவில்லை, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, கால்களில் நீர் கோத்து வீக்கம். அந்த வீக்கத்தைக் கவனியுங்கள், உங்கள் தராசு நகராததற்கு ஒரு காரணம் அதில் இருக்கிறது. கடும் பற்றாக்குறையில் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே கொழுப்பு குறைந்தாலும் முள் அசையாது.

அடுத்தது அசைவு. படி ஏறுவது, எழுந்து நடப்பது, கையைக் காலை ஆட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியாமல் குறைந்துவிடும். ஒரு நாளில் சில நூறு கலோரிச் செலவுகூட இதனால் குறையும்.

ஆனால் பெரும்பாலோருக்கு அடி விழும் இடம் வாரக் கணக்குதான். ஐந்து நாள் 900 என்றால் 4500. பசி முற்றி மீதி இரண்டு நாளும் நாளுக்கு 2700 போனால் 5400. மொத்தம் 9900, சராசரி 1414. அதாவது ஏழு நாளும் நிம்மதியாக 1500 சாப்பிட்டிருந்தாலும் ஏறக்குறைய இதே இடம்தான். உங்களைக் குறை சொல்லவில்லை. அவ்வளவு பசியில் யாராலும் நிற்க முடியாது. அளவும் தப்பும்: ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 15 மில்லி, சுமார் 120 கலோரி. கண் அளவில் ஊற்றினால் இரண்டு கரண்டி போவது சாதாரணம்.

இதில் பாக்கெட் தயாரிப்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. 150 கிராம் பாக்கெட்டில் "ஒரு பரிமாறல் 30 கிராம்" என்று போட்டு, அந்த 30 கிராமின் கலோரியைக் கொட்டை எழுத்தில் அச்சிடுகிறார்கள். ஐந்தில் ஒரு பங்கோடு யார் மடித்து வைக்கிறார்கள்? முன்பக்கத்தை விட்டுவிட்டு 100 கிராமுக்கான எண்ணைத் தேடிப் பாருங்கள்.

இனி மாற்றும் விதம். ஒரேயடியாக 1500-க்குத் தாவ வேண்டாம், பயந்துபோய்த் திரும்ப இறங்கிவிடுவீர்கள். வாரத்துக்கு 150 முதல் 200 வீதம் ஏற்றுங்கள். முதலில் புரதம்: கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம், உங்களுக்கு 86 முதல் 115 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 9 கிராம். இதோடு வாரம் இரண்டு மூன்று முறை எடை தூக்கும் பயிற்சி செய்தால் தசை பெருமளவு தப்பிக்கும். கொழுப்பை அடியோடு விடாதீர்கள். கொழுப்பே வராவிட்டால் பித்தப்பை சரியாகச் சுருங்காது, தேங்கிய பித்தநீரில் கல் உருவாகும். வேகமாக இளைப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

ஏற்றியதும் முள் ஒரு கிலோ மேலே போகலாம். அது தசையில் திரும்பச் சேரும் கிளைகோஜனும் (உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரை), அதன் ஒவ்வொரு கிராமோடு வரும் 3 கிராம் அளவு தண்ணீரும். ஒரு கிலோ கொழுப்பு ஏற 7700 கலோரி மிச்சமாக வேண்டும், அது இங்கே எங்கிருந்து வரும்? தினமும் காலை, கழிப்பறை போய்வந்து, தண்ணீர் குடிக்கும் முன் எடை பாருங்கள். ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மாதவிடாய் உள்ளவர்கள் போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும். நான்கு வாரமாகியும் சராசரி இறங்காவிட்டால் 100 குறைக்கலாம், அதற்கு முன் வேண்டாம்.

800-க்குக் கீழான உணவு முறையை மருத்துவர்களே கொடுப்பதுண்டே என்பீர்கள். கொடுக்கிறார்கள், ரத்தப் பரிசோதனையும் கண்காணிப்பும் வைத்து. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், 18 வயதுக்குட்பட்டவர்கள், முன்பு உணவுக் கோளாறு (உண்பது சார்ந்த மனநலப் பிரச்சினை) இருந்தவர்கள் இந்த எண்களை எடுத்துக்கொண்டு தாங்களாக இறங்கக் கூடாது. பல வாரம் ஏறக்குறைய பட்டினியாகவே இருந்தவர்கள் சாப்பாட்டை ஏற்றுவதும் மருத்துவர் மேற்பார்வையில்தான். இல்லாவிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். முடி கொத்தாகக் கொட்டினால் இரண்டு மூன்று மாதம் முன்பு நீங்கள் சாப்பிட்ட அளவைத் திரும்பிப் பாருங்கள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, மூன்று மாதமாக மாதவிடாய் இல்லை என்றால் கலோரிக் கணக்கை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.