தம்பியின் சட்டை

கேள்வி: கார்பன் நானோகுழாய் (கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கரிக்குழாய்களாலான தூள்) தயாரிக்கும் ஒரு கம்பெனியின் பங்குகளில் என் சேமிப்பில் பாதியைப் போட்டிருக்கிறேன். அந்தத் தூளைச் சுவாசித்தால் நுரையீரலுக்கு ஆபத்து என்று செய்தி வந்ததிலிருந்து விலை இறங்கிக்கொண்டே போகிறது. என் தம்பி அங்கேதான் மூட்டை கட்டும் பிரிவில் இருக்கிறான். இரண்டு ஷிஃப்டும் ஓடுகிறது என்கிறான். அவன் சட்டையை அம்மா ஊறவைத்தால் வாளித் தண்ணீரே கறுத்துப்போகிறது, அவ்வளவு வேலை! அப்பா இல்லாத குடும்பம். விற்கலாமா, பொறுக்கலாமா?

பதில்: "அவ்வளவு வேலை" என்று எழுதி ஒரு ஆச்சரியக்குறியும் போட்டிருக்கிறீர்களே, அதை என்னால் தாண்ட முடியவில்லை. எந்தத் தூளால் உங்கள் பங்கு விழுகிறதோ, அதே தூள் உங்கள் வீட்டு வாளியில் மிதக்கிறது. நீங்களோ அதைக் கம்பெனிக்கு ஆர்டர் குவிவதற்கு அத்தாட்சியாகப் பார்க்கிறீர்கள்.

பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். நீளமான நானோகுழாய்களை எலிகளின் வயிற்றறைக்குள் செலுத்திப் பார்த்த ஆய்வாளர்கள், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழை உண்டாக்கும் அதே மாதிரியான அழற்சியைக் கண்டதாக 2008-இல் எழுதினார்கள். நம் உடம்பில் தூசியை விழுங்கி அப்புறப்படுத்தும் செல்கள் உண்டு. தன்னைவிட நீளமான, விறைத்த இழை வந்தால் அந்தச் செல் பாதி விழுங்கித் திணறும், சுற்றிலும் புண்ணாகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-இல் ஒரே ஒரு வகை நானோகுழாயை மட்டும் 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கலாம்' என்ற பிரிவில் வைத்தது. மற்றவற்றை வகைப்படுத்தச் சான்று போதவில்லை. ஆகவே எல்லாமே விஷம் என்று நான் சொல்லவில்லை. பிளாஸ்டிக்கோடு பிசைந்துவிட்டால் பயம் குறைவு. காய்ந்த தூளை அள்ளுகிற, கொட்டுகிற, மூட்டை கட்டுகிற இடம்தான் மோசம். உங்கள் தம்பி நிற்பது அங்கே.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்த வரம்பு, 8 மணி நேர வேலைக்கு, ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். கண்ணுக்கே தெரியாத அளவு அது. உங்கள் வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் கறுக்கிறது!

அம்மாவுக்கு வருகிறேன். கல்நார் ஆலைக்குள் காலே வைக்காத பெண்கள், கணவரின் வேலை உடுப்பைத் துவைத்ததாலேயே நுரையீரல் உறைப் புற்றுநோய்க்கு ஆளானதை 1965-இல் லண்டனில் ஆராய்ந்து எழுதினார்கள். அந்த நோய் தலைகாட்ட இருபது, முப்பது, நாற்பது வருஷம்கூட ஆகும். நானோகுழாயும் அப்படியே செய்யும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நிரூபணம் வரும்வரை அம்மா துவைத்துக்கொண்டிருக்கட்டும் என்கிறீர்களா?

பங்கு விஷயத்துக்கு இவ்வளவு போதும்: அமெரிக்காவின் பெரிய கல்நார் கம்பெனி ஜான்ஸ்-மேன்வில் 1982-இல், கையில் சொத்து இருக்கும்போதே, வழக்குகளுக்குப் பயந்து திவால் மனு போட்டது. தொழிலாளிகள் தூசியை இழுத்தது அதற்குப் பல பத்தாண்டு முந்தி. இன்றைய விலை அதையெல்லாம் காட்டாது. பாதிச் சேமிப்பை ஒரே கம்பெனியில் போட்டது தப்பு, அது நானோவாக இருந்தாலும் நூலாக இருந்தாலும். தம்பியிடம் உள்விவரம் கேட்டுப் பங்கு வியாபாரம் செய்வது பல நாடுகளில் குற்றம் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

அப்பா இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அந்த இடத்தில் நிற்க வேண்டியவர் மூத்தவரான நீங்கள். "ஷிஃப்ட் ஓடுகிறதா" என்று கேட்ட வாயால் "முகத்துக்கு என்ன போடுகிறாய்" என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? முகத்தோடு ஒட்டிப் பொருந்தாத மாஸ்க் இருந்தும் இல்லாததுதான். தூளை இழுக்கும் காற்றுக்குழாய் மூட்டை வாயருகே இருக்கிறதா, காற்றை அளக்கிறார்களா, அளந்தால் அந்தக் கணக்கைத் தொழிலாளிக்குக் காட்டுகிறார்களா என்று அவனைக் கேட்கச் சொல்லுங்கள். கேட்டதற்காக முறைக்கும் கம்பெனி என்றால், அங்கே பணத்தையும் வைக்காதீர்கள், தம்பியையும் வைக்காதீர்கள்.

இன்று சாயங்காலம் அவன் வரும்போது அம்மாவைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சட்டையை உதற வேண்டாம், ஒரு பைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள். நாளையிலிருந்து வேலை உடுப்பு ஆலையிலேயே இருக்கட்டும், துவைப்பது அவர்கள் பொறுப்பு. அவன் அங்கேயே குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வீடு திரும்பட்டும்.