குழந்தை விழவே இல்லை, ஆனால் கையைத் தூக்க மறுக்கிறது: முழங்கை பிசகுவதைப் பற்றிப் பெற்றோருக்கு எப்படிச் சொல்வது?

உங்கள் இரண்டு வயது மகளுக்கு முழங்கை பிசகி, மருத்துவர் சரிசெய்து அனுப்பியிருக்கிறார். இனி வராமல் தடுப்பது எப்படி, மற்ற பெற்றோருக்கு இதை எப்படி எடுத்துச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பகல்நேரக் குழந்தைகள் பராமரிப்பு மையத்தில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் பெற்றோரிடம் இதைப் பேசுவது என் பொறுப்பு.

"குழந்தையின் கையை இழுக்காதீர்கள்" என்று மட்டும் சொன்னால் யார் காதிலும் ஏறாது. நான் எங்கே இழுக்கிறேன் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் இது முரட்டுத்தனத்தால் வருவது அபூர்வம். அவசரத்தில் வரும், விளையாட்டில் வரும், காப்பாற்றப் போய்க்கூட வரும். அதனால் ஆபத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசாமல் அந்தந்தத் தருணத்தைச் சொல்லுங்கள். படியேறும்போது குழந்தையை ஒரு கையால் தூக்கி அடுத்த படியில் வைப்பது. அம்மா ஒரு கையையும் அப்பா ஒரு கையையும் பிடித்து ஊஞ்சல் ஆட்டுவது. நடந்துகொண்டே இருக்கும் குழந்தை அடம்பிடித்துத் திடீரென்று தரையில் உட்கார்ந்துவிட, நாம் பிடியை விடாமல் நிற்பது. கடைசியில் சொன்னதில் பெரியவர் இழுக்கவே இல்லை, குழந்தையின் எடையே இழுத்துவிடுகிறது. இதைச் சொன்னதும் கூட்டத்தில் பாதிப்பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

காரணம் இதுதான். முன்கையில் உள்ள ரேடியஸ் எலும்பின் தலையைச் சுற்றி, முழங்கையில் மோதிரம் போல ஒரு நார் இருக்கிறது. சின்ன வயதில் அதன் பிடிமானம் தளர்வு. கை நீட்டியிருக்கும் நிலையில் மணிக்கட்டையோ உள்ளங்கையையோ பிடித்து வெடுக்கென்று இழுத்தால், எலும்பின் தலை கொஞ்சம் நழுவி, நார் மூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். ஒன்றிலிருந்து நான்கு வயது வரைதான் அதிகம். ஐந்து வயதை ஒட்டி நார் உறுதிப்பட்டுவிடுவதால் அப்புறம் குறைந்துவிடும். இடது கையில் சற்று அதிகமாக வரும். பெரியவர்களில் பலர் வலது கைப் பழக்கம் உள்ளவர்கள், அவர்கள் பிடிப்பது குழந்தையின் இடது கையை.

பேச்சைவிடச் செய்து காட்டுவதுதான் மனதில் நிற்கிறது. நான் ஒரு பொம்மையும் முழுக்கைச் சட்டையும் எடுத்துப் போவேன். சட்டையின் கைக்குள் பொம்மையின் கையை நுழைத்து மறுபக்கம் பிடித்து இழுப்பதுதான் எல்லோரும் செய்வது. அதற்குப் பதிலாக, சட்டைக் கையை முதலில் நம் மணிக்கட்டில் சுருட்டி ஏற்றிக்கொள்ள வேண்டும். நம் விரல்களால் குழந்தையின் கையைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, சட்டையை அதன் தோள் பக்கம் தள்ளிவிட வேண்டும். நகர்வது துணி மட்டும்தான், கை இருந்த இடத்திலேயே இருக்கும். தூக்குவதும் இப்படித்தான்: இரண்டு கைகளையும் அக்குளுக்குக் கீழே கொடுத்து உடம்போடு தூக்குங்கள். குழந்தை தரையில் உட்கார்ந்து அடம்பிடித்தால் உடனே கையை விட்டுவிட்டு, குனிந்து இடுப்போடு அணைத்து எடுங்கள்.

அடையாளம் தெரிந்திருப்பதும் முக்கியம். முதலில் வீறிட்டு அழும் குழந்தை, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் அந்தக் கையை லேசாக மடக்கி, உள்ளங்கை உள்பக்கம் திரும்பியபடி உடம்போடு ஒட்டி வைத்திருக்கும். பிடித்த பொம்மையை நீட்டினால் மற்றக் கையால்தான் வாங்கும். வீக்கமோ காயமோ இருக்காது. சில குழந்தைகள் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டுவதால் பெற்றோர் அங்கே தேடுவார்கள். மருத்துவருக்குச் சரிசெய்ய சில நொடிகள் போதும். சிறிய 'க்ளிக்' ஒன்று விரலுக்குத் தட்டுப்படலாம். பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் குழந்தை பழையபடி விளையாட ஆரம்பித்துவிடும். இதைக் காணொளி பார்த்து வீட்டில் முயல வேண்டாம், உருவிவிடவும் வேண்டாம். எலும்பு முறிந்திருந்தால் கையைத் திருகுவது பெரிய கெடுதலாகிவிடும்.

விழுந்து கையை ஊன்றியதால் வலி என்றால் கதையே வேறு. முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது குழந்தைகளிடம், குறிப்பாக ஐந்து முதல் ஏழு வயதில், அடிக்கடி நடக்கிறது. ஏறி விளையாடும் கம்பிகளிலிருந்தும் கட்டிலிலிருந்தும் விழுவது வழக்கமான காரணங்கள். வீக்கம், கோணல், விரல்கள் வெளிறுவது, சில்லிடுவது, மரத்துப்போவது, இவற்றில் எது இருந்தாலும் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். கையை நேராக்கப் பார்க்காமல், இருக்கும் நிலையிலேயே துண்டு வைத்து அசையாமல் தாங்கிக்கொள்ளுங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றை எல்லாக் கூட்டத்திலும் அழுத்திச் சொல்வேன். மருத்துவரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். குற்ற உணர்ச்சியில் "விழுந்துட்டா டாக்டர்" என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. கையைப் பிடித்து இழுத்ததுதான் என்று தெரிந்தால், வீக்கமும் இல்லையென்றால், பெரும்பாலும் எக்ஸ்ரேகூட வேண்டியிருக்காது. விழுந்ததாகச் சொன்னால் முறிவு இல்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டியிருக்கும். வலியில் இருக்கும் குழந்தை அதுவரை காத்திருக்க வேண்டும். அதனால் பெற்றோரிடம் பேசும்போது குற்றம் சாட்டும் தொனி துளியும் வேண்டாம். பயந்த பெற்றோர் மறைப்பார்கள்.

உங்கள் மகளைப் பொறுத்தவரை, ஒருமுறை பிசகிய கை மறுபடியும் பிசக வாய்ப்பு உண்டு. வீட்டில் தாத்தா, பாட்டி, பார்த்துக்கொள்ளும் அக்கா எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். மறந்துவிடாமல் அவளுடைய அண்ணனுக்கோ அக்காவுக்கோ, யார் இருந்தாலும், சொல்லுங்கள். தங்கையைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போய் விளையாடுவது அவர்கள்தான். முறையாகச் சரிசெய்துவிட்டால் இதனால் நிரந்தரப் பாதிப்பு வருவதில்லை, அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.