ஃபில்டர் எதை வடிகட்டுகிறது?

கேள்வி: ‘லைட்’ சிகரெட்டுக்கு மாறிவிட்டேன். புற்றுநோய் ஆபத்து குறையும்தானே?

பதில்: குறையாது. அந்த ஃபில்டரைச் சுற்றி ஊசித் துளைகள் இருக்கும். சோதனை இயந்திரம் இழுக்கும்போது துளை வழியே காற்று கலந்து தார் (புகையிலுள்ள பிசுபிசுப்பான கசடு) குறைவாகத் தெரியும். நீங்கள் இழுக்கும்போதோ விரலும் உதடும் துளைகளை மூடிவிடும். போதாக்குறைக்கு, வழக்கமான நிகோட்டின் கிடைக்காததால் இன்னும் ஆழமாக இழுப்பீர்கள். பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற புற்றுநோய் நச்சுகள் ஆவியாக வருவதால் சாதாரண ஃபில்டரில் பெரும்பாலும் தங்குவதில்லை.

புகையில் உள்ள 7,000-க்கு மேற்பட்ட வேதிப்பொருட்களில் சுமார் 70 புற்றுநோய் உண்டாக்குபவை. அவற்றில் பென்சோபைரீன் செய்யும் வேலை விசித்திரமானது. அதை நீரில் கரையவைத்து வெளியேற்றத்தான் உடலின் நொதிகள் முயல்கின்றன. அந்த முயற்சியில் பிறக்கும் இடைப்பொருள் டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்கிறது. செல் பெருக்கத்துக்குக் கடிவாளம் போடும் பி53 மரபணுவில் அப்படி ஒட்டி, பழுது சரியாகாமல் போனால், கடிவாளமே அறுந்துவிடும்.

கேள்வி: நான் புகைப்பதில்லை, புகையிலையை வாயில் அடக்குவேன். எரிக்காதபோது நச்சு எங்கிருந்து வரும்?

பதில்: இலையைப் பதப்படுத்திப் புளிக்கவைக்கும்போதே நைட்ரோசமைன்கள் என்ற புற்றுநோய் நச்சுகள் உருவாகிவிடுகின்றன. நெருப்பே தேவையில்லை. வாய், உணவுக்குழாய், கணையம் மூன்றிலும் மெல்லும் புகையிலையால் புற்றுநோய் வருகிறது. சுண்ணாம்பு சேர்த்தால் காரத்தன்மை கூடி, நிகோட்டின் இன்னும் வேகமாக உள்ளே இறங்கும், பழக்கம் இறுகும். நீங்கள் அடக்கும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். சுரண்டினாலும் போகாத வெண்திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாயைத் திறப்பதில் இறுக்கம் இருந்தால் உடனே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். செந்திட்டு என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். வெண்திட்டைவிட அது மோசம். வலியில்லையே என்று இருந்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

கேள்வி: நிகோட்டின் சூயிங்கமும் புற்றுநோய் தருமா? எனக்கு அதை மென்றால் விக்கல்தான் வருகிறது.

பதில்: நிகோட்டின் அடிமையாக்கும், ஆனால் புகையிலையில் புற்றுநோய்க்குக் காரணம் மேலே சொன்ன மற்றவை. விக்கலுக்குக் காரணம் நீங்கள் மெல்லும் விதம். காரம் சுரீரென்று ஏறும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். இப்படி அரை மணி நேரம். மிட்டாய் கம் போல விடாமல் மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கல் வரும், பலனும் குறையும். மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, பழச்சாறு கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிகோட்டின் சரியாக உறிஞ்சப்படாது. எழுந்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம் சூயிங்கம், மற்றவர்களுக்கு 2 மில்லிகிராம் போதும்.