“பர்ஸை எடுத்தது நீதானே?” – மறதி நோய்: வாசகர் கேள்விகள்

டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவர்களை வீட்டில் பார்த்துக்கொள்பவர்களும், அதையே தொழிலாகச் செய்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த முறை.

கேள்வி: என் மாமியாருக்கு அல்சைமர். பர்ஸைக் காணோம் என்றால் உடனே என்னைத்தான் திருடி என்கிறார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். எப்போதாவது வரும் நாத்தனாரிடம் மட்டும் அவ்வளவு தெளிவாகப் பேசுகிறார். நாத்தனாரும் “அம்மா நல்லாத்தானே இருக்காங்க” என்று போய்விடுகிறார். மாமியார் நடிக்கிறாரா?

பதில்: நடிக்கவில்லை. டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் முதலில் கைவைப்பது மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில். புதிதாக நடப்பதை நினைவில் பதிப்பது அந்த இடம்தான். பர்ஸைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தது அவருக்குப் பதிவாகவே இல்லை, அதனால் “எங்கேயோ வைத்து மறந்துவிட்டேன்” என்ற நினைப்பும் வராது. அவர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள்: பர்ஸ் இல்லை, தான் எடுக்கவும் இல்லை, அறைக்குள் வந்துபோனது நீங்கள் ஒருவர்தான். கணக்கு சரியாகத்தான் வருகிறது! கூடவே இருந்து எல்லாம் செய்கிறவர்மேலேயே பழி விழுவது இதனால்தான்.

“நான் எடுக்கலை” என்று நிரூபிக்கப் போகாதீர்கள், அந்த வழக்கில் நீங்கள் ஜெயிக்கவே முடியாது. “அடடா, காணோமா? வாங்க, சேர்ந்து தேடலாம்” என்று ஆரம்பியுங்கள். கிடைத்ததும் “இதோ பாத்தீங்களா” என்று நீட்டாமல், அவர் கையிலேயே கிடைக்கும்படி அந்தப் பக்கம் அழைத்துப் போங்கள். ஒளித்து வைக்கும் இடங்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப அதேதான், ஒரு வாரம் கவனித்தால் பிடிபட்டுவிடும். அதே மாதிரி இன்னொரு பர்ஸ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குப்பையைக் கொட்டும் முன் ஒருமுறை கிளறிப் பாருங்கள்.

நாத்தனார் விஷயம். விருந்தாளி முன்னால் மரியாதையாகச் சிரித்துப் பேசும் பழக்கம் இந்த நோயில் ரொம்ப நாள் தங்கியிருக்கும். ஒரு மணி நேரம் இழுத்துப் பிடித்துச் சமாளித்துவிடுவார், அப்புறம் களைத்துப்போய் இரவெல்லாம் உங்களைப் படுத்துவார். நாத்தனாரிடம் வாதாடுவதைவிட, இரண்டு நாள் (இரவும் சேர்த்துத்தான்) அம்மாவை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு நீங்கள் வெளியே போய் வாருங்கள். கொஞ்சம் குறும்பான யோசனைதான், ஆனால் இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

கேள்வி: நான் ஏஜென்சி மூலம் வேலைக்குப் போகும் ஹோம் நர்ஸ். ஐயாவுக்கு 80 வயது தாண்டிவிட்டது. மற்ற நேரத்தில் சாது, குளிக்கவைக்கப் போனால் மட்டும் அடிக்கிறார், கடிக்கிறார். வீட்டில் உள்ளவர்கள் “அடங்குவதற்கு மாத்திரை” வாங்கப் போகிறார்கள். சரியா?

பதில்: மாத்திரைக்கு முன்னால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. குளிக்கும்போது மட்டும் அடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

முதலில் வலி. சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கும்போது தோள்பட்டை வலிக்கலாம், ஸ்டூலில் உட்காரும்போது மூட்டு வலிக்கலாம், அவரால் அதைச் சொல்ல முடியாது. வாயால் சொல்லாதவர்களின் வலியைக் கணிக்க ஐந்து விஷயங்களைப் பார்ப்பார்கள்: மூச்சு விடும் விதம், முனகல், முகச்சுளிப்பு, உடம்பு இறுகுவது, ஆறுதலாகப் பேசினால் அடங்குகிறாரா இல்லையா என்பது. இதைக் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரைதான் வேண்டுமென்றால் சாதாரண வலி மாத்திரையாகவே அது இருக்கலாம்.

அடுத்தது கண். டிமென்ஷியாவில் பார்வை வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். பக்கவாட்டிலோ பின்னாலிருந்தோ நீங்கள் கை வைத்தால், திடீரென்று எங்கிருந்தோ ஒரு கை முளைத்த மாதிரிதான் அவருக்கு. எதிரே வந்து, அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவர் உங்களைப் பார்த்த பிறகு தொடுங்கள். பளபளக்கும் தரை தண்ணீர் தேங்கிய மாதிரி தெரியும், கறுப்பு மிதியடி குழி மாதிரி தெரியும். கதவருகிலேயே கால் எடுத்து வைக்க மறுப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், மிதியடியை எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் தண்ணீர். தலையில் முதலில் ஊற்றாதீர்கள். பாதத்தில் தொடங்கி மேலே வாருங்கள், தலையைக் கடைசிக்கு வையுங்கள், அல்லது வேறொரு நாளைக்குத் தள்ளுங்கள். ஒரு துண்டு எப்போதும் தோளிலும் மடியிலும் இருக்கட்டும், தேய்க்கும் இடத்தை மட்டும் விலக்கினால் போதும். துணியை அவர் கையில் கொடுத்து, அந்தக் கைக்குக் கீழே உங்கள் கையை வைத்து நகர்த்துங்கள். தானே தேய்த்துக்கொள்கிற உணர்வு அவருக்கு இருக்கும். “குளிக்கலாமா?” என்று கேட்டால் “வேண்டாம்”தான் வரும், “வெந்நீர் ரெடி, வாங்க” போதும். அதற்கும் முரண்டு பிடித்தால் விட்டுவிட்டு அரை மணி கழித்து வாருங்கள். குளியலறையே ஆகவில்லையென்றால் படுக்கையிலேயே வெதுவெதுப்பான ஈரத் துண்டால் உடம்பை மூடி, அதற்கடியிலேயே துடைத்து எடுக்கலாம். முதியோர் இல்லங்களில் நடந்து 2004-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இந்தத் துண்டுக் குளியலிலும், அவரவர் விருப்பத்துக்கு ஏற்ப மாற்றிய ஷவர் குளியலிலும் அடிதடி பாதிக்கும் மேல் குறைந்தது. தினமும் முழுக் குளியல் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முகம், அக்குள், தொடையிடுக்கு தினமும் சுத்தமாக இருந்தால், முழுக் குளியல் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும்.

இனி அந்த “அடங்கும் மாத்திரை”. ஆன்ட்டிசைக்காட்டிக் மருந்துகள் (மனநோய்க்குத் தருபவை) டிமென்ஷியா உள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. பக்கவாதமும் வரலாம். ஐயாவுக்கு இருப்பது லூயி பாடி என்ற இன்னொரு வகை டிமென்ஷியா என்றால், இந்த மருந்துகளில் ஹாலோபெரிடால் போன்றவை உடம்பை விறைக்க வைத்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். தனக்கோ பிறருக்கோ பெரிய காயம் வரும் நிலையில், டாக்டர் யோசித்து, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்குத் தருவது வேறு விஷயம். பக்கத்துக் கடையில் கேட்டு வாங்குகிற சரக்கு அல்ல இது. வீட்டுக்காரர்களிடம் இதைச் சொல்ல உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் காட்டிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு மூன்று வருடமாக மறதி. போன வாரம்வரை தானே சாப்பிட்டார், நடந்தார். மூன்று நாளாகச் சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், இரவில் தூக்கமில்லை, பகலில் எழுப்பினாலும் கண் திறப்பதில்லை. நோய் முற்றிவிட்டதா?

பதில்: இந்த வாசகருக்கு உடனே தனியாகப் பதில் போய்விட்டது, மற்றவர்களுக்காக இங்கே. டிமென்ஷியா மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நகரும். மூன்று நாளில் ஆள் மாறினால் அது பெரும்பாலும் டெலிரியம், அதாவது உடம்பில் வேறெங்கோ உள்ள கோளாறு மூளையைக் குழப்புவது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

யூரின் இன்ஃபெக்‌ஷன், நிமோனியா (வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் வரும்), நாள்கணக்கில் மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, தண்ணீர் குடிக்காதது, ரத்தத்தில் சோடியமோ சர்க்கரையோ ஏறி இறங்குவது, புதிதாகச் சேர்த்த சளி மாத்திரை அல்லது தூக்க மாத்திரை, இதில் எதுவாகவும் இருக்கலாம். சில வாரங்களுக்கு முன் விழுந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்து சேர்ந்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் “அவருக்கு டிமென்ஷியா” என்று ஆரம்பித்தால் “அப்படித்தான் இருக்கும்” என்று அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. “மூன்று நாளாகத்தான் இப்படி, அதற்கு முன் தானே சாப்பிட்டார்” என்று ஆரம்பியுங்கள். மாத்திரைகளை அட்டையோடு மொத்தமாக எடுத்துப் போங்கள்.

கேள்வி: அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. அம்மா தினமும் சாயங்காலம் “அவர் இன்னும் வரலையா” என்கிறார். உண்மையைச் சொன்னால் அப்போதுதான் கேள்விப்பட்ட மாதிரி கதறுகிறார். பொய் சொல்லலாமா?

பதில்: அவருக்கு ஒவ்வொரு முறையும் அது முதல் முறைதான், தினமும் ஒரு சாவுச் செய்தி யாருக்கும் தேவையில்லை. ஆனால் “ஆபீஸ் போயிருக்கார், வந்துடுவார்” என்றால் வாசலில் உட்கார்ந்து காத்திருப்பார், அதுவும் வேதனை. இரண்டுக்கும் நடுவில் இடம் இருக்கிறது. “அப்பாவைத் தேடுதாம்மா? உங்களை எப்படிக் கூப்பிடுவார் அவர்?” என்று கேளுங்கள், பேச்சு அவரைப் பற்றியே போகட்டும். “செத்துட்டாரா?” என்று நேராகக் கேட்டால் மட்டும், கையைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்று சொல்லுங்கள். வீட்டில் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும், பார்த்துக்கொள்ள வருகிறவர் உட்பட. சாயங்காலம்தான் கேட்கிறார் என்பதால், இருட்டும் முன்பே விளக்குகளைப் போட்டுவிட்டு, அந்த நேரத்துக்குக் கைக்கு ஒரு வேலை கொடுங்கள், துணி மடிப்பது மாதிரி.

கேள்வி: கணவரைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். நேற்று கையை ஓங்கிவிட்டேன். நான் கெட்டவளா?

பதில்: தூக்கமில்லாதவர். இனி அந்த நிலை வந்தால், அவர் விழாதபடி உட்கார வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஆனால் இது ஒருவர் தனியாகச் செய்து முடிக்கும் வேலையே அல்ல. “ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க” என்பவர்களிடம் “செவ்வாய்க்கிழமை நாலிலிருந்து ஏழு வரை இங்கே வந்து இருங்க” என்று நாளும் நேரமுமாகச் சொல்லுங்கள். 2006-ல் வெளிவந்த நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வில், துணையைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் சேர்த்து ஆலோசனை கொடுத்து, தொடர்ந்து ஆதரவும் தந்ததால், நோயாளி முதியோர் இல்லத்தில் சேர்வது சுமார் ஒன்றரை வருடம் தள்ளிப்போனது. பிள்ளைகள், மச்சினர் எல்லாரையும் உட்காரவைத்து ஒருமுறை டாக்டரைப் பேசவையுங்கள். மறுபடி கை ஓங்கும் நிலை வந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், உங்களுக்கும் சிகிச்சை தேவைப்படலாம்.

கேள்வி: வயது 45. அம்மாவுக்கு அல்சைமர். எனக்கும் வருமா? குறுக்கெழுத்துப் போட்டால், ஞாபகசக்தி மாத்திரை சாப்பிட்டால் தடுக்கலாமா?

பதில்: அம்மாவுக்கு முதுமையில் வந்தது என்றால் உங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஐம்பதுகளிலேயே வந்து, குடும்பத்தில் இன்னும் சிலருக்கும் அப்படி இருந்தால் மரபணு ஆலோசனை கேளுங்கள்.

மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால், உலக அளவில் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்கிறது லான்செட் குழுவின் 2024 அறிக்கை. பட்டியலில் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, சர்க்கரை, புகை, குடி, உட்கார்ந்தே கிடப்பது, தலைக்காயம், தனிமை எல்லாம் உண்டு. உங்கள் வயதில் முதல் வேலை பி.பி., கொழுப்பு இரண்டையும் பார்ப்பது. அடுத்தது, யாரும் கண்டுகொள்ளாத காது, அதாவது கேட்கும் திறன் குறைவது. 2023-ல் வந்த அமெரிக்க ஆய்வில், காது மெஷின் கொடுத்ததால் மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசமில்லை, ஆனால் ஏற்கெனவே அபாயம் அதிகமாக இருந்த முதியவர்களிடம் மூன்று வருடத்தில் மூளைத்திறன் சரிவு 48 சதவீதம் குறைந்தது. டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும் மாமா யாராவது வீட்டில் இருந்தால் அவரையும் காதுப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

குறுக்கெழுத்து பிடித்தால் போடுங்கள், குறுக்கெழுத்தில் கெட்டிக்காரர் ஆவீர்கள். ஞாபகசக்தி மாத்திரைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். வைட்டமின் பி12 குறைவு என்று ரத்தப் பரிசோதனையில் வந்தால் அதற்கு மட்டும் மருந்து எடுங்கள்.