கனடாவில் வாடகையும் வீட்டு விலையும் இப்படி ஏற யார் காரணம்: லிபரல்களின் வரியும் செலவுமா, ஒன்ராறியோ அரசா?

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறவன். இந்தக் கதை தொடங்கியபோது மத்தியில் பிரதமர் ரூடோவின் லிபரல் அரசு, ஒன்ராறியோ மாகாணத்தில் முதல்வர் டக் ஃபோர்டின் கொன்சர்வேட்டிவ் அரசு. எனக்கு நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

2023 செப்டம்பரில் ஒரு ஞாயிறு காலை வீட்டுக்காரர் வந்தார். அவரும் நம்மவர்தான், யாழ்ப்பாணம். கையில் என்2 படிவம், வாடகை ஏற்றுவதற்கான அறிவித்தல். 2021 தொடக்கத்தில், கொரோனாவில் வாடகை இறங்கியிருந்த நேரம், 2,000 டாலருக்கு நாங்கள் எடுத்த இரண்டு அறை அடுக்குமாடி வீடு, கொண்டோ, அது. 90 நாள் கழித்து 2,600 என்று தாளில் இருந்தது. மனைவி தேத்தண்ணி வைத்துக் கொடுத்தார். அண்ணை அதைக் குடிக்காமல் போனை எடுத்து வங்கி ஆப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். அவருடைய மோட்கேஜ், அதாவது வீட்டுக் கடன், மாறும் வட்டி. 1.45 சதவீதத்தில் இருந்தது 6.20க்குப் போயிருந்தது, மாதக் கட்டுக்காசு 1,200 டாலருக்கு மேல் கூடியிருந்தது. "நினையாதேங்கோ தம்பி, எனக்கு இதில ஒரு சதம் மிஞ்சேல்லை. ரூடோ காசை அள்ளி இறைச்சதாலதான் வட்டி ஏறினது. அதுக்கு மேல காபன் வரி வேற" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே விளங்கியது.

அன்றிரவு மச்சானிடம் சொன்னேன். அவர் எதிர்ப்பக்கம். "ஃபோர்ட் செய்த வேலை இது, உன்ரை கட்டடத்துக்கு வாடகைக் கட்டுப்பாடே இல்லை, தெரியாதா?" என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

இரண்டு பேரும் உண்மையில் ஒரு துண்டைத்தான் கையில் வைத்திருந்தார்கள். கட்சிகளும் அதைத்தான் செய்கின்றன, ஆனால் தெரிந்துகொண்டே செய்கின்றன, எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

முதலில் மச்சானின் துண்டு. ஒன்ராறியோவில் அரசு ஒவ்வொரு வருடமும் வாடகை எவ்வளவு ஏற்றலாம் என்று ஒரு உச்சவரம்பு வைக்கிறது, 2023இல் அது 2.5 சதவீதம். அந்தக் கணக்கில் என் வாடகை 50 டாலர்தான் ஏறியிருக்க வேண்டும். ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடிவந்த கட்டடங்களுக்கு அந்த வரம்பு கிடையாது என்று டக் ஃபோர்டின் அரசு சட்டத்தை மாற்றிவிட்டது. எங்கள் கட்டடத்தில் 2019இல்தான் குடிவந்தார்கள். ஒரு தேதி, அவ்வளவுதான். தெருவுக்கு அந்தப் பக்கம் பழைய கட்டடத்தில் இருக்கும் என் கூட்டாளிக்கு 2.5, என்னிடம் கேட்டது 30. சரி, இதை வைத்துக் கொன்சர்வேட்டிவ் மட்டும்தான் குற்றவாளி என்று எழுதலாமா? முடியாது. 1991க்குப் பிறகு கட்டியவைக்கு இதே மாதிரி ஒரு விலக்கு 1990களின் கொன்சர்வேட்டிவ் முதல்வர் மைக் ஹரிஸ் காலத்துச் சட்டத்திலிருந்து இருந்தது, 2003இல் மாகாணத்தில் ஆட்சிக்கு வந்த லிபரல்கள் அதை 2017 வரைக்கும் தொடவே இல்லை.

இனி அண்ணையின் துண்டு. கொரோனா வருடத்தில், அதாவது 2020-21இல், மத்திய அரசின் பற்றாக்குறை 327 பில்லியன் டாலரைத் தாண்டியது. நாட்டின் மத்திய வங்கியான கனடா வங்கி வட்டியை 0.25 சதவீதத்துக்கு இறக்கி, அரசின் கடன் பத்திரங்களையும் வாங்கித் தள்ளியது. மலிவான கடன் கிடைத்தால் சனம் என்ன செய்யும், வீடு வாங்கும். 2022 பெப்ரவரியில் ரொறன்ரோ பெரும்பாகத்தில் சராசரி வீட்டு விலை 13 லட்சம் டாலரைத் தாண்டியது. பணவீக்கத்தை அடக்க அடுத்த மாதமே வட்டி ஏறத் தொடங்கி 2023 ஜூலையில் 5 சதவீதத்துக்கு வந்தது. ஆகவே மத்தியில் கொன்சர்வேட்டிவ் தலைவர் பொலியேவ் பணவீக்கத்தைப் பற்றிக் கதைத்ததில் விஷயம் இல்லாமல் இல்லை. ஆனால் வேலை போனவர்களுக்குக் கொடுத்த கொரோனாக் காசுக்கு அவருடைய கட்சியும் நாடாளுமன்றத்தில் சம்மதித்தது. விலை ஏற ஆரம்பித்ததும் ரூடோ காலத்தில் அல்ல. 2006இல், ஹார்ப்பரின் கொன்சர்வேட்டிவ் ஆட்சியில், முற்பணமே இல்லாமல் 40 வருட மோட்கேஜுக்கு அரசின் காப்புறுதி கொடுத்தார்கள். 2008இல் அதை நிறுத்தினார்கள்தான், ஆனால் வீடு என்பது இருக்கிற இடம் என்பது போய் முதலீடு என்ற எண்ணம் அதற்குள் ஊறிவிட்டது. எங்கள் சனத்திலும்தான். ஒரு கலியாண வீட்டுக்குப் போனால் எந்த மேசையிலும் ரியல் எஸ்டேட் கதைதான்.

காபன் வரியை, அதாவது பெட்ரோல் போன்ற எரிபொருளுக்கு மத்திய அரசு போட்ட வரியை, நான் சும்மா விடமாட்டேன், ஏனென்றால் இரண்டு வருடம் எல்லோரையும் அது ஒன்றைப் பற்றியே கதைக்க வைத்தார்கள். 2023இல் அது பெட்ரோலுக்கு லீற்றருக்கு 14 சதம் சொச்சம். 50 லீற்றர் அடித்தால் 7 டாலர். ஒன்ராறியோவில் நாலு பேர் குடும்பத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 244 டாலர் திரும்பி வங்கிக்கு வந்தது, எங்களுக்கும் வந்தது. என்னிடம் கேட்ட வாடகை ஏற்றம் மாதம் 600. 2025 ஏப்ரல் 1ஆம் தேதி ரூடோவுக்குப் பின் பிரதமரான கார்னி அந்த வரியைப் பூச்சியமாக்கினார், கொன்சர்வேட்டிவ்களின் பெரிய கோஷம் ஒரே நாளில் நிறைவேறிவிட்டது. வாடகையில் ஒரு டாலராவது குறைந்ததா? வரியைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்றால் வீட்டின் மீதே விழுகிற வரியைப் பற்றிக் கதைத்திருக்க வேண்டும், அதை இவ்வளவு நாளும் ஒருவரும் சத்தமாகச் சொல்லவில்லை.

புதுவீடு வாங்கினால் மத்திய அரசின் விற்பனை வரியான ஜிஎஸ்டியில் ஒரு பகுதி திருப்பித் தருவார்கள். முழுச் சலுகை 350,000 டாலர் வரை, 450,000 தாண்டினால் ஒன்றும் இல்லை. இந்த எல்லையை 1991இல் வைத்தார்கள். பிறகு வந்த எல்லாப் பிரதமர்களும், லிபரலோ கொன்சர்வேட்டிவோ, அதை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தவே இல்லை. 450,000க்கு ரொறன்ரோவில் நாலு பேர் இருக்கக்கூடிய புதுவீடு எங்கே இருக்கிறது? முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு 10 லட்சம் வரை ஜிஎஸ்டி இல்லை என்று 2025இல்தான் அறிவித்தார்கள்.

அடுத்தது நகரசபையின் அபிவிருத்திக் கட்டணம். 2024இல் ரொறன்ரோவில் ஒரு தனிவீடு கட்டினால் இந்தக் கட்டணம் மட்டுமே 130,000 டாலருக்கு மேல். தண்ணீர்க் குழாய், பூங்கா, ரயில் எல்லாவற்றுக்கும் புதிதாக வருகிறவன் தலையில் கட்டுகிறார்கள். ஏன் அப்படி? பழைய வீட்டுக்காரரின் சொத்து வரியை ஏற்றினால் வாக்குப் போய்விடும். வருடக்கணக்காக மேயர்கள் விலைவாசிக்கு மேலே சொத்து வரி ஏறாது என்று வாக்குறுதி கொடுத்தே வென்றார்கள். 2024இல் மேயர் ஒலிவியா சோ 9.5 சதவீதம் ஏற்றியதும் என்ன கூச்சல். கூச்சல் போட்டவர்களில் பாதிப்பேர் 1990களில் 2 லட்சத்துக்கு வாங்கி இன்று 10 லட்சத்தில் இருப்பவர்கள். புதிதாக வாங்குகிற பிள்ளை அந்த 130,000க்கும் சேர்த்து 25 வருடம் வட்டி கட்டுகிறது. இதை வரி உயர்வு என்று எந்தக் கட்சியும் சொல்வதில்லை. பில்லில் தனி வரியாகத் தெரியாது, வீட்டு விலைக்குள்ளே புதைந்து கிடக்கிறது.

செலவு பற்றி. அரசு கூடச் செலவழித்ததால் வந்த வினை என்கிறார்கள். வீட்டு விஷயத்தில் நான் பார்த்தது நேர் எதிர். என் மாமி 1989இல் அகதியாக வந்தவர். இரண்டு வருடம் நிலக்கீழ் வீட்டில் இருந்துவிட்டு 1991இல் ஒரு கூட்டுறவுக் குடியிருப்பில் மூன்று அறை வீடு கிடைத்தது. வருமானத்துக்கு ஏற்ற வாடகை. தொழிற்சாலையில் இரவு வேலை செய்துகொண்டே மூன்று பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரைக்கும் படிப்பித்தார். அந்தச் சமையலறைக் கதவு நிலையில் பிள்ளைகளின் உயரம் பென்சிலால் கோடு போட்டு வருடத்தோடு எழுதியிருக்கும், இன்றும் அழிக்கவில்லை, ஒரே வீட்டில் பத்து வருடக் கோடுகள். மாமியுடையது மாதிரியான கூட்டுறவு வீடுகளைப் புதிதாகக் கட்ட மத்திய அரசு கொடுத்த காசு 1992இல் நின்றது. 1993இல் மற்றச் சமூக வீடுகளுக்கும் புதுக் காசு இல்லை என்றார்கள். அது மல்றோனியின் கொன்சர்வேட்டிவ் அரசு. அதே வருடம் கிறெத்தியனின் லிபரல்கள் வந்தார்கள், திருப்பிக் கொடுக்கவில்லை. நிதியமைச்சர் போல் மார்ட்டின் 1995இல் இன்னும் வெட்டினார், பொறுப்பை மாகாணங்களிடம் தள்ளினார்கள். அதே 1995இல் ஒன்ராறியோவில் ஆட்சிக்கு வந்த ஹரிஸ், கட்டவிருந்த 17,000 வீடுகளை ரத்துச் செய்துவிட்டு, இருந்தவற்றின் பொறுப்பை நகரசபைகளின் தலையில் இறக்கினார். மூன்று அரசும் பற்றாக்குறையைக் குறைக்கிறோம் என்று சொல்லியே வெட்டின, பின்னைய இரண்டும் குறைத்துப் பாராட்டும் வாங்கின. அந்தப் பாராட்டுக்கு விலை கொடுத்தது அதற்குப் பிறகு வந்த நாங்கள். இன்று ரொறன்ரோவில் மலிவு வாடகை வீட்டுக்குப் பதிந்தால் 10 வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

2017இல் ரூடோ அரசு தேசிய வீடமைப்புத் திட்டம் கொண்டுவந்தது, நல்ல விஷயம், ஆனால் கால் நூற்றாண்டுப் பள்ளத்தை நிரப்ப அது போதவில்லை. 2023 ஜூலை கடைசியில் ஹமில்டனில் நின்றுகொண்டு வீடு முதன்மையாக மத்திய அரசின் பொறுப்பு இல்லை என்று அதே ரூடோ சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. அந்த வருடம் நாட்டின் சனத்தொகை 12 லட்சத்துக்கு மேல் கூடியது, விசா கொடுத்தது யார்? மாணவர்களை வரவழைத்ததில் ஃபோர்டுக்கும் பங்கு உண்டு. 2019இல் கல்விக் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்து அப்படியே உறைய வைத்தார், அந்தத் துண்டுவிழும் தொகையை ஈடுகட்டக் காசு கொடுக்கவில்லை, கல்லூரிகள் வெளிநாட்டுப் பிள்ளைகளின் கட்டணத்தில் ஓடத் தொடங்கின. எங்கள் பக்கத்து ஒழுங்கையில் ஒரு நிலக்கீழ் வீட்டில் எட்டுப் பெடியங்கள் இருந்தார்கள், வேலை நேரம் மாறி மாறி ஒரே மெத்தையில் படுத்தார்கள். அவர்களைத் திட்டுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசும் குயின்ஸ் பார்க்கில் இருக்கும் மாகாண அரசும் செய்த கணக்கில் சிக்கியது அந்தப் பிள்ளைகள்தான்.

இன்னொரு பங்காளி இருக்கிறார், அவரைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாக இருக்காது. நாங்கள்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் பகுதியில் ஒரு அடுக்குமாடி வருவது பற்றி மக்கள் கூட்டம் வைத்தார்கள். என் சொந்த மாமா எழும்பி, நிழல் விழும், வாகனம் நிறுத்த இடம் இல்லை, வாடகைக்காரர் வந்தால் தெரு கெட்டுப்போகும் என்றார். கை தட்டினார்கள். பின்வரிசையில் நான், வாடகைக்காரன், இருந்தேன். வீட்டுக்கு வரும் வழியில், "மாமா, நீங்கள் சொன்ன அந்த வாடகைக்காரர் நான்தானே" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் வந்துவிட்டு, "உன்னைச் சொல்லேல்லை" என்றார். 2025 ஜூனில் ஆறு குடும்பங்கள் இருக்கக்கூடிய சிறு கட்டடங்களை நகரம் முழுவதும் அனுமதிக்கலாமா என்று நகரசபையில் வாக்கெடுப்பு வந்தது. கடைசியில் 25 வட்டாரங்களில் ஒன்பதில் மட்டும் என்று சுருக்கினார்கள். ஸ்காபரோவில் வடக்கு வட்டாரம் ஒன்றுதான் சேர்ந்தது. நகரம் முழுவதற்குமான அந்த அனுமதியை எந்தத் தலைவரும் ஒட்டாவாவில் இருந்து தடுக்கவில்லை, எங்கள் தெருக்களின் சத்தம்தான் தடுத்தது.

ஆகவே தலைப்பில் உள்ள கேள்விக்கு என் பதில்: வட்டியிலும் குடிவரவிலும் லிபரல்களுக்குப் பெரிய பங்கு. வாடகைச் சட்டத்தில் ஒன்ராறியோ கொன்சர்வேட்டிவ்களுக்குப் பெரிய பங்கு. சமூக வீடுகளைக் கைவிட்டதில் இருவருக்கும் சரி பாதி, என் கணிப்பில் எல்லாவற்றிலும் மோசமானது அதுதான். யாராவது உங்களிடம் வாக்குக் கேட்டு வந்தால் கட்சியைக் கேட்காதீர்கள், சந்தை விலைக்கு வெளியே எத்தனை வீடு, எந்தக் காணியில், யார் காசில் என்று கேளுங்கள்.

நாங்கள் 2,450க்குப் பேசி ஒத்துக்கொண்டோம், அண்ணையும் இறங்கி வந்தார், நாங்களும் மாதச் சீட்டை நிறுத்தினோம். 2024இல் மாணவர் விசாவைக் குறைத்த பிறகு ரொறன்ரோவில் வாடகை கொஞ்சம் இறங்கியது, கொண்டோ விலையும் விழுந்தது. இப்போது அவர் வீட்டை விற்கப் போட்டிருக்கிறார், வாங்கிய விலை வந்தால் போதும் என்கிறார். சனிக்கிழமைகளில் பார்க்க ஆட்கள் வரும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போய்விடுவோம். வாங்குகிறவர் தானே குடியிருக்க வேண்டும் என்றால் வீட்டை விட்டுப் போக எங்களுக்கு 60 நாள்.