சின்ன லேப்டாப் போதுமா என்று கேட்கிறீர்கள், கடன் யாருக்கு?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே ஒரு சிறிய நிறுவனத்துக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். என் லேப்டாப்புக்கு 9 வயது, விண்டோஸ் 10, ஆன் செய்தால் திறக்கவே பத்து நிமிடம். எக்செல், நிறுவனத்தின் கணக்கு மென்பொருள், மின்னஞ்சல், மகளின் ஆன்லைன் வகுப்பு, இரவில் எப்போதாவது ஒரு படம், இவ்வளவுதான் என் வேலை. விலை குறைந்த சின்ன லேப்டாப் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அண்ணன் அதைக் குப்பை என்கிறார். மூன்று மடங்கு விலையில் ஏஐ வசதி, தனி கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் உள்ள ஒன்றை 18 மாதத் தவணையில் என் பெயரில் எடுக்கச் சொல்கிறார். வட்டி 14 சதவீதம் ஃபிளாட். அவர் மகன் வீடியோ எடிட்டிங் படிக்கிறான், வார இறுதியில் அவனுக்கும் ஆகும் என்பதால் பாதித் தவணையை அவரே தருவாராம். போன முறை டேப்லெட் எடுத்தபோதும் இப்படித்தான் பேச்சு. 12 மாதத் தவணையில் 3 மாதம் பாதி தந்தார், அடுத்த 5 மாதமும் முழுசாக நான்தான் கட்டினேன், இன்னும் 4 பாக்கி. போன், வாஷிங் மெஷின் தவணைகளும் ஓடுகின்றன. சின்ன லேப்டாப் எனக்குப் போதுமா?

பதில்: போதும். எதைப் பார்த்து வாங்குவது என்று கீழே சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைப் பேச வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் லேப்டாப்பைப் பற்றிய வரிகளைவிட அண்ணனைப் பற்றிய வரிகள்தான் அதிகம். கணக்கு எழுதுவதையே தொழிலாக வைத்திருப்பவரிடம் பட்ஜெட் போடுங்கள், சேமியுங்கள் என்றெல்லாம் நான் பாடம் நடத்தப் போவதில்லை. நிறுவனத்தின் பேரேட்டில் ஒரு வரவு 5 மாதம் வராமல் நின்றால் முதல் மாதமே கேட்டிருப்பீர்கள், இல்லையா? சொந்தக் கணக்கில் மட்டும் அது எப்படி நழுவியது?

நீங்கள் அனுப்பிய தொகைகளை அப்படியே போடவில்லை. மாத வருமானம் 100 என்று வைத்துக்கொண்டு மற்றதை அந்த விகிதத்துக்கு மாற்றியிருக்கிறேன். வீட்டுச் செலவு 70. தவணைகள் 22, அதில் டேப்லெட் 9, போன் 7, வாஷிங் மெஷின் 6. மாதம் மிஞ்சுவது 8. சின்ன லேப்டாப்பின் விலை 60, அண்ணன் காட்டுவது 180.

180-க்கு 14 சதவீதம் ஃபிளாட் என்றால் ஒன்றரை வருடத்துக்கு வட்டி ஏறக்குறைய 38. மொத்தம் 218, மாதத் தவணை 12. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் கடைசி மாதம்வரை முழு 180-க்கும் போடப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். குறைகிற பாக்கிக்கு ஏற்ற வட்டியாக மாற்றிப் பார்த்தால் வருடத்துக்கு 25 சதவீதத்தை ஒட்டி வருகிறது. 14 என்று கேட்டுத் தலையாட்டியவர்கள் 25 என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார்கள். வேறொரு இடத்தில் வட்டியே இல்லாத தவணை என்று சொன்னால், கையோடு முழுப் பணத்தையும் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். அந்த வித்தியாசமும் பிராசஸிங் கட்டணமும் சேர்ந்ததுதான் வட்டி.

சரி, மாதம் 12 கட்ட வேண்டும், கையில் மிஞ்சுவது 8. அண்ணன் தரும் 6 வந்தால்தான் இந்தத் திட்டம் காகிதத்திலாவது நிற்கிறது. அவர் நிறுத்தினால் டேப்லெட் தவணை முடியும்வரை மாதம் 4 துண்டு விழும், அதை ஈடுகட்ட கிரெடிட் கார்டு, அதற்குக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுவது என்று போகும். 3 மாதத்தோடு நிறுத்தியவர் இந்த முறை 18 மாதம் தருவார் என்று எதை வைத்து நம்புவது? தவணை தவறினால் கடன் வரலாற்றில் விழும் கறை உங்கள் பெயரில்தான் விழும், அண்ணன் பெயரில் இல்லை. அவர் பெயரில் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டுப் பார்த்தீர்களா? கடிதத்தில் அது இல்லை. அவருக்கு ஏற்கெனவே கடன் அதிகமாகி, புதிதாகக் கிடைக்காத நிலை இருந்தால் அது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

டேப்லெட் கணக்கையும் பாருங்கள். தவணை 9, அவர் பங்கு நாலரை. தராமல் விட்ட 5 மாதத்துக்கு இருபத்திரண்டரை, வரப்போகும் 4 மாதத்துக்கு 18, ஆக மொத்தம் நாற்பதரை. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் லேப்டாப்பின் விலையில் மூன்றில் இரண்டு பங்கு அண்ணனிடம் இருக்கிறது. பெரிய லேப்டாப் வேண்டாம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறீர்கள் போல. வேண்டாம் என்றே சொல்ல வேண்டியதில்லை, "டேப்லெட் கணக்கை முதலில் முடிச்சுடலாம் அண்ணா, அப்புறம் இதைப் பேசலாம்" என்றால் போதும். அந்தப் பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

பிள்ளை படிப்புக்கு உதவ வேண்டும் என்று மனசு சொன்னால் தாராளமாக உதவுங்கள். ஒரு தொகை, ஒரே தடவை, திரும்பி வராது என்று நினைத்து, வாஷிங் மெஷின் தவணை முடிந்த பிறகு. அவனுக்கு வேண்டிய லேப்டாப்பை அவன் அப்பா பெயரில் அவர்களே எடுக்கட்டும். எடிட்டிங்குக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது உங்கள் தேவை இல்லை. தவிர, ஒரு நிறுவனத்தின் கணக்கு மொத்தமும் இருக்கிற கணினியை சனி ஞாயிறு இன்னொரு வீட்டுக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் என்ன செய்வீர்கள்?

இனி லேப்டாப். "சின்னது என்றால் குப்பை" என்ற பேச்சு முழுக்கப் பொய்யில்லை, பழசு. 2007-ல் வந்த ஆசுஸ் ஈ பிசி மாதிரி நெட்புக்குகளை, அதாவது அந்தக் காலத்து மலிவான குட்டி லேப்டாப்களை, நினைவில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். முதலில் வந்ததற்கு 7 அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு. அதில் கணக்கு எழுதச் சொன்னால் நானும் ஓடியிருப்பேன். இன்றைக்கு இதே விலைத் தட்டில் நல்லதும் இருக்கிறது, அதே நெட்புக் பரம்பரையில் வந்த தலைவலியும் இருக்கிறது, வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

வித்தியாசம் பெரும்பாலும் நினைவகத்திலும் (ராம்) சேமிப்பிலும்தான். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அந்தக் குறைந்தபட்சத்தை மட்டும் தொட்டுவிட்டு "விண்டோஸ் 11 உள்ளது" என்று விற்பார்கள். வாங்காதீர்கள். எதுவும் திறக்காமலே விண்டோஸ் 3 ஜிபியை ஒட்டி எடுத்துக்கொள்ளும், அதற்கு மேல் எக்செல், கணக்கு மென்பொருள், பக்கத்தில் மகளின் வகுப்பு என்றால் 4 ஜிபி திணறும். 8 ஜிபிக்குக் கீழே வேண்டவே வேண்டாம். பல சின்ன லேப்டாப்களில் ராமைப் பலகையோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள், அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்ற கதை அங்கே நடக்காது. சேமிப்பில் இஎம்எம்சி (eMMC) என்று எழுதியிருந்தால் அதுவும் பெரும்பாலும் பற்றவைத்ததுதான், வேகமும் குறைவு. எஸ்எஸ்டி (SSD), அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பு, என்று எழுதியிருக்க வேண்டும், 256 ஜிபி இருந்தால் நிம்மதி.

பிராசஸர் விஷயத்தில் அவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டாம். இன்டெல் என்100 என்பது 2023-ல் வந்த, 4 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) உள்ள, மின்சாரம் மிகக் குறைவாக இழுக்கிற சில்லு, உங்கள் வேலைக்கு அது தாங்கும். விலை இன்னும் கொஞ்சம் குறைகிறதே என்று 2 கோர் செலரான் என்4020 பக்கம் மட்டும் போகாதீர்கள். திரைதான் உங்களுக்கு முக்கியம். 11.6 அங்குலத்தில் 1366-க்கு 768 புள்ளிகள் என்றால் எக்செல்லில் வரிசைகள் சீக்கிரம் தீர்ந்துபோகும், நாள் முழுக்க மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருப்பீர்கள். 14 அங்குலம், 1920-க்கு 1080, இதுவே சின்னதுதான், பையில் போகும். இன்னொன்று, விண்டோஸ் "எஸ் மோடில்" வந்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளவை மட்டும்தான் நிறுவ முடியும், உங்கள் கணக்கு மென்பொருள் ஏறாது. அதிலிருந்து வெளியேறக் காசு கேட்கமாட்டார்கள், ஆனால் வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது, போகத் தேவையும் இல்லை.

விண்டோஸ் இல்லாமல் கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் குரோம்புக் உங்களுக்கு ஆகாது. விண்டோஸுக்கென்று எழுதிய கணக்கு மென்பொருள் அதில் ஓடாது, எக்செல்லும் உலாவியில் திறக்கிற வடிவம்தான். மின்னஞ்சல், பாடம், படம் மட்டும் பார்ப்பவர்களுக்கு அது நல்ல தேர்வு. புதுப்பிப்புக் காலம் பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து கணக்காகாது, அந்த மாடலுக்கென்று ஒரு கடைசித் தேதி இருக்கும் என்பதை மட்டும் அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏஐ லேப்டாப் பேச்சுக்கு வருவோம். "கோபைலட் பிளஸ்" என்ற பெயரில் 2024-லிருந்து விற்கிறவற்றில் ஏஐ கணக்குகளை லேப்டாப்பிலேயே செய்ய என்பியு என்று தனிப் பகுதி இருக்கும், ராம் 16 ஜிபியிலிருந்து தொடங்கும். சாட்ஜிபிடி மாதிரி ஒன்றிடம் உலாவியில் கேள்வி கேட்டால் வேலை நடப்பது அவர்களுடைய சர்வரில். உங்கள் லேப்டாப்பில் என்பியு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதில் அதேதான் வரும். உங்கள் கணக்கு மென்பொருள் அந்தப் பகுதியைத் தொடக்கூட இல்லை, அப்புறம் எதற்கு அதற்கு ஒன்றரை வருடம் வட்டி கட்டுவது? "பத்து வருடத்துக்குக் கவலையில்லை" என்று கடையில் சொல்கிற வாக்கியமும் அப்படித்தான். லேப்டாப்பில் பேட்டரி, கீல், விசைப்பலகை எல்லாம் விலை பார்த்துத் தேய்வதில்லை.

எப்போது வாங்குவது? இப்போது இல்லை, ஆறாவது மாதம். மாதம் மிஞ்சும் 8-ஐ அப்படியே தனியாக ஒதுக்கினால் 4 மாதத்தில் 32. அதற்குள் டேப்லெட் தவணை முடிந்து 9 விடுபடும், அடுத்த 2 மாதம் 17, 17. ஆக 66. 60 கொடுத்து வாங்கியும் 6 கையில் இருக்கும், புதுத் தவணை ஒன்றும் இல்லை. அண்ணன் பாக்கியில் ஏதாவது வந்தால் இன்னும் சீக்கிரம், ஆனால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு தவணை முடிந்து விடுபட்ட பணம் கண்ணில் படுவதற்குள் அடுத்த தவணையைத் தொடங்கிவிடுகிறீர்கள், போனுக்கும் வாஷிங் மெஷினுக்கும் அதுதான் நடந்திருக்கிறது என்று நீங்கள் அனுப்பிய தவணைத் தேதிகளைப் பார்த்தால் தெரிகிறது. இந்த ஆறு மாதம் அதை நிறுத்திப் பார்ப்பதற்கும்தான்.

அதுவரை பழைய லேப்டாப்பை ஓட்ட வேண்டும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், வழக்கமான வேலைகளைத் திறந்து வைத்துக்கொண்டு மெமரி, டிஸ்க் இரண்டையும் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் உள்ளே பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் இருக்கக்கூடும், திறக்கப் பத்து நிமிடம் என்பதைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட ஆகும் செலவு புது லேப்டாப்பில் ஒரு சின்னப் பங்குதான், திறக்கிற நேரம் நிமிடத்துக்குள் வந்துவிடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. தனிநபர்களுக்கு ஒரு வருட நீட்டிப்புத் திட்டம் அறிவித்தார்கள், இன்னும் சேர முடிந்தால் அதில் சேருங்கள். வங்கி வேலையையும் நிறுவனக் கணக்கையும் வைத்துக்கொண்டு புதுப்பிப்பு இல்லாமல் இருக்கக் கூடாது. எஸ்எஸ்டி போட்ட பிறகு இதுவே போதும் என்று தோன்றினால்கூட விண்டோஸுக்காக மாற்றத்தான் வேண்டும், அதனால் ஒதுக்குவதை நிறுத்தாதீர்கள்.

அலுவலகங்கள் பயன்படுத்தி விடுவித்த, லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிட்யூட் மாதிரி பழைய லேப்டாப்களையும் அந்த 60-க்குள் பாருங்கள். இன்டெல் 8-ம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ என்றால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும், பல மாடல்களில் ராம் மாற்றலாம், விசைப்பலகை புதுச் சின்ன லேப்டாப்பைவிட நன்றாக இருக்கும், எண்ணாக அடித்துக்கொண்டே இருப்பவருக்கு அது பெரிய விஷயம். பேட்டரி தேய்ந்திருக்கும் என்பதால் மாற்றும் செலவையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் முதல் வாரமே உங்கள் கணக்கு மென்பொருளை நிறுவி, நிறுவனத்தின் முழு வருடக் கோப்பைத் திறந்து, மகளின் வகுப்பையும் பக்கத்தில் ஓட விட்டுப் பாருங்கள். திருப்பித் தருவதற்கான கெடு எத்தனை நாள் என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூடுதல் வாரண்டி, திரைக் காப்பீடு, ஆன்டிவைரஸ் சந்தா என்று பில் போடும்போது சேர்க்கப் பார்ப்பார்கள், மூன்றும் வேண்டாம்.