ஈ ஓட்டிய கடைகளும் கடன் கேட்ட வங்கியும்

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சி பற்றிய கட்டுரையில் பொருளாதாரத் தடைகளைப் பெரிதாகச் சொல்லியிருந்தீர்கள். தடையால் வேலை போனது கறுப்பினத் தொழிலாளிக்குத்தானே? நியூயார்க் வங்கிக்காரர்களுக்குத் திடீரென்று மனசாட்சி உறுத்தியது என்பதையும் நம்ப முடியவில்லை. அப்புறம், இந்தியா இதில் வாய்ப்பேச்சைத் தவிர வேறு ஏதாவது செய்ததா?

கே.ஆர்., திருச்சி

அன்புள்ள கே.ஆர்.,

மனசாட்சி எல்லாம் உறுத்தவில்லை, பயம்தான். அந்தப் பயத்தைக் கிளப்பியது யார் என்பதில்தான் எனக்கும் உங்களுக்கும் கணக்கு மாறுகிறது.

1985 ஜூலையை மட்டும் பாருங்கள். மாத நடுவில் போர்ட் எலிசபெத் நகரத்துக் கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளில் எதையும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். தங்கள் குடியிருப்புகளிலிருந்து ராணுவம் வெளியேற வேண்டும், பொது இடங்களை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று கேட்டார்கள். கடைத்தெரு ஈ ஓட்டியது. கல்லெறிகிறவன் மேல் துப்பாக்கியைத் திருப்பலாம். சோப்பு வாங்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மாவை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? கடைசியில் கடைக்காரர்களே போய், இவர்களோடு பேசித் தொலையுங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஜூலை 20 அன்று கிராடாக் என்ற சிற்றூரில் ஒரு சவ அடக்கம். பள்ளி ஆசிரியர் மேத்யூ கோனிவேயையும் அவருடைய தோழர்கள் மூவரையும் ஜூன் மாதக் கடைசியில் போலீஸ் கடத்திக் கொன்றிருந்தது. அடக்கத்துக்கு ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். அன்றைக்கே அதிபர் போத்தா 36 மாவட்டங்களில் நெருக்கடி நிலையை அறிவித்தார்.

அதன் பிறகுதான் வங்கி வருகிறது. தென்னாப்பிரிக்கா வாங்கியிருந்த வெளிநாட்டுக் கடனில் பாதிக்கு மேல் குறுகிய காலக் கடன். நம் ஊரில் வட்டியைக் கட்டி நகைக்கடனைத் திருப்பி வைப்போமே, அதுபோலத் தவணை வரும்போதெல்லாம் புதுப்பித்துக்கொண்டே வண்டி ஓடியது. ஜூலை முடிவில் நியூயார்க்கின் சேஸ் மன்ஹாட்டன் வங்கி இனிப் புதுப்பிக்க முடியாது, பணத்தை எடுத்து வை என்றது. அமெரிக்காவில் மாணவர்களும் தேவாலயங்களும் கொடுத்துவந்த குடைச்சல் ஒரு பக்கம், தொலைக்காட்சியில் தினமும் எரியும் தெருக்கள் ஒரு பக்கம். மற்ற வங்கிகளும் பின்னாலேயே வந்து நின்றன.

ஆகஸ்ட் 15 அன்று டர்பனில் போத்தா பேசினார். மண்டேலாவை விடுதலை செய்வார், பெரிய சீர்திருத்தம் வரும் என்று உலகமே எதிர்பார்த்திருந்தது. மனுஷர் விரலை ஆட்டி எல்லோரையும் மிரட்டிவிட்டு உட்கார்ந்தார். அந்நாட்டு நாணயமான ராண்ட் சரிந்தது. மாதக் கடைசியில் பங்குச்சந்தையையே மூடினார்கள். செப்டம்பர் முதல் தேதி, இப்போதைக்குக் கடனைத் திருப்ப இயலாது என்று அரசாங்கம் கையை விரித்தது.

ஜூலை நடுவில் சோப்பு வாங்க மறுத்ததிலிருந்து இதற்கு ஏழே வாரம். ஒன்றே மற்றதைக் கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெரு அமைதியாக இருந்திருந்தால் சேஸ் இன்னொரு தவணைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வேலை போனதா? போனது. பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரும் அமெரிக்க அதிபர் ரீகனும் உங்கள் கேள்வியைத்தான் கேட்டார்கள், அது ஏழைகள் மேல் இருந்த பாசத்தால் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நிறவெறியை எதிர்த்த வெள்ளையின நாடாளுமன்ற உறுப்பினர் ஹெலன் சுஸ்மனும் தடை வேண்டாம் என்றார். அவரை அப்படித் தள்ளிவிட முடியாது. இருந்தாலும் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் தலைவர் லுத்துலி 1959லேயே வெளிநாட்டவரிடம் எங்கள் நாட்டுப் பொருளை வாங்காதீர்கள் என்று கேட்டவர். 1985 டிசம்பரில் டர்பனில் உருவான கோசாட்டு தொழிற்சங்கக் கூட்டமைப்பும் தடைகளின் பக்கமே நின்றது. வேலை போகப்போவது யாருக்கு என்று ஒரு தொழிற்சங்கத்துக்குத் தெரியாதா என்ன?

இந்தியா விஷயம். 1946லேயே, சுதந்திரத்துக்கு முன்பே, வணிகத்தை முறித்துக்கொண்டோம், உலகத்தில் முதல் ஆளாக. 1974ல் சென்னைப் பையன்களான அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடிய அணி டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது. எதிரே தென்னாப்பிரிக்கா. ஆட வேண்டாம் என்று அரசு சொல்லிவிட்டது. ஒரு பந்துகூட அடிக்காமல் தென்னாப்பிரிக்கர்கள் கோப்பையைக் கொண்டுபோனார்கள்.

என் அப்பா சிங்கப்பூரைத் தாண்டிப் போனவர் இல்லை. அவருடைய பழைய பாஸ்போர்ட் இன்னும் பீரோவில் இருக்கிறது. எல்லா நாடுகளுக்கும் செல்லும், தென்னாப்பிரிக்கா நீங்கலாக என்று அதில் எழுதியிருக்கிறது.